வாசலில் கைமாற்றுவதில்லை

நாய்க்கு ஆள் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வீட்டில் வேலைவெட்டி இல்லாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றி, விடுதிகளில் பாத்திரம் கழுவி, பழத்தோட்டங்களில் கூடை சுமந்து, கடைசியில் ஒரு முதுகுப்பையோடு அக்கா வீட்டு மாடி அறையில் வந்து விழுந்திருந்தேன். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஊசி குத்த வேண்டும் என்பதால் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவாள். அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை பார்ப்பார். காதில் மாட்டியதைச் சாப்பிடும்போதுகூடக் கழற்றமாட்டார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பஞ்சு இருந்தான். பதினெட்டுக் கிலோ, வெள்ளை நிறம், இடது காதில் மட்டும் பழுப்பு.

முதல் மூன்று நாள் நான்தான் அவனைக் கூட்டிப்போனேன். அவன் என்னைக் கூட்டிப்போனான் என்று சொல்வதே சரி. நான்காம் நாள் ஒரு பூனையைப் பார்த்துவிட்டு இழுத்தான். எனக்கு இரண்டு முட்டியிலும் தோல் உரிந்தது. மருந்து போட்டுக்கொண்டே அக்கா சொன்னாள்: "உன்னையே உனக்குப் பாத்துக்கத் தெரியாது. இதுல நாய் வேறயா? நல்ல ஆளாப் பாரு, போதும்."

குடியிருப்போர் குழுவில் செய்தி போட்டேன். அந்தப் புறநகரில் தண்ணீர் வராததிலிருந்து தொலைந்த செருப்புவரை எல்லாமே அந்தக் கைபேசிக் குழுவில்தான் விசாரணைக்கு வரும். முதலில் வந்தவன் ஒரு செயலி அனுப்பிய ஆள். நடந்த பாதையை வரைபடமாக அனுப்புவான். இரண்டு கிலோமீட்டர் என்று காட்டியது வரைபடம். பஞ்சுவின் பாதத்தில் பொட்டுத் தூசி இல்லை. காரில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறான். அடுத்தவர் மாரத்தான் ஓடுகிறவர். நாயையும் கூடவே ஓட்டுவேன் என்றார். மாமா முதல் தடவையாகக் காதிலிருந்ததைக் கழற்றி, "அவனுக்கு மெடல் எல்லாம் வேண்டாங்க, மூச்சா போனா போதும்" என்றார்.

மூன்றாவதாக, மருந்துக்கடைக்காரர் அனுப்பி வந்தவர் பெல்ட்டம்மா.

ஐம்பது வயதிருக்கும். குள்ளம். மழை இல்லாத நாளிலும் மழைக்கோட்டு, கால்களில் ஆண்கள் போடும் கனத்த காலணி, இடுப்பில் கறுப்புப் பட்டை. கார்களில் வரும் சீட் பெல்ட்டை வெட்டித் தைத்த பட்டை அது. அதிலிருந்து இரண்டு வார்கள் தொங்கின. அதனால்தான் அந்தப் பெயர்.

நாங்கள் அவரை விசாரிக்க உட்கார்ந்தோம். அவர் எங்களை விசாரித்தார்.

"எதைக் கண்டா பயப்படுவான்?"

"பிரஷர் குக்கர்" என்றாள் அக்கா.

"ரோட்டுல குக்கர் வராது. வெளியில எதுக்குப் பயம்?"

எங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஊசி போட்ட புத்தகத்தைக் கேட்டு வாங்கித் தேதி பார்த்தார். இதுவரை யாரைக் கடித்திருக்கிறான் என்று கேட்டார். யாரையும் இல்லை என்று அக்கா சொன்னதும், "கடிக்காத நாய் பொம்மைக் கடையிலதான் இருக்கும் மேடம். பரவால்ல, மறைக்காமச் சொல்லுங்க" என்றார். கேஸ் சிலிண்டர்காரரின் காற்சட்டை கிழிந்த கதை அப்போதுதான் வெளியே வந்தது. பிறகு எழுந்துபோய் வாசல் கேட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கார் எந்தப் பக்கம் பின்னால் வரும் என்று கேட்டார். நாயைத் தொடவே இல்லை. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பஞ்சுவே வந்து அவர் காலணியை முகர்ந்து, அதன்மேல் தலையை வைத்துப் படுத்தான்.

"சரி, இவன் ஒத்துக்கிட்டான். இனி நீங்க ஒத்துக்கணும்" என்று தன் சட்டங்களைச் சொன்னார். ஒரே நேரத்தில் இரண்டு நாய்க்கு மேல் கூட்டிப்போகமாட்டார். கழுத்துப் பட்டைக்கு ஒரு வார், மார்புப் பட்டைக்கு ஒரு வார். ஒன்று அறுந்தாலும் இன்னொன்று பிடிக்கும். தார்ச் சாலையில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுவார். கை தாங்காவிட்டால் அன்றைக்கு நடை மாலையில்தான். எதிரே இன்னொரு நாய் வந்தால், நட்பெல்லாம் வேண்டாம், சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

"கடைசியா ஒண்ணு. நான் உள்ள வரணும், கதவைச் சாத்தணும், நானே மாட்டணும். நீங்க மாட்டி வாசல்ல கொண்டாந்து என் கையில குடுக்கற வேலை வேண்டவே வேண்டாம். வாசல்ல கைமாத்த மாட்டேன்."

"ஏன்?" என்றேன்.

"பதினாலு வருசம் ஸ்கூல் வேன்ல ஆயாவா இருந்தேன் பாப்பா. ஓடுற வேன்ல ஒரு பிள்ளையும் தொலையாது. என் கையில இருந்து அம்மா கையில குடுக்கற அந்த ஒரு நிமிசம் இருக்கு பாரு, அதுலதான் தொலையும். நீ பிடிச்சிருக்கேன்னு நான் நினைப்பேன், நான் பிடிச்சிருக்கேன்னு நீ நினைப்ப."

வேன்களில் தானாக மூடும் கதவும் கேமராவும் வந்ததும், ஆயா எதற்கு என்று நிறுத்திவிட்டார்களாம். பிள்ளைகளை எண்ணிய கைதான் பிறகு நாய்களை எண்ணியது.

மறுநாள் பஞ்சுவுக்கு அளவெடுக்க அவர் கணவர் வந்தார். கார்களுக்கு இருக்கை உறை தைக்கிறவர். பழைய சீட் பெல்ட்டுகளில் மார்புப் பட்டை தைத்துத் தருவதும் அவர்தான். "மனுசனையே தாங்குது, உன்னைத் தாங்காதாடா?" என்று நாயிடம் கேட்டுக்கொண்டே நெஞ்சளவு எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "உலகத்துல எல்லாரும் நாய்ப் பொழப்புன்னு வாயாலதாம்மா புலம்புவாங்க. என் வீட்டுக்காரி நெஜமாவே பாக்குறா" என்றார்.

"உங்க பொழப்பு மட்டும் என்னவாம்? கண்டவன் உக்கார்ற எடத்துக்குச் சட்டை தைக்கிறீங்க" என்றார் பெல்ட்டம்மா.

பட்டையில் பஞ்சுவின் அளவு வரும் இடத்தில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டிருந்தார் கணவர். கொக்கி அந்தத் தையலைத் தொட்டு நிற்க வேண்டும். மாட்டியதும் பெல்ட்டம்மா இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார். மூன்றாவது விரல் நுழைந்தால் திரும்ப இறுக்குவார்.

பத்து வாரம் அப்படிப் போனது. வேலை இல்லாததால் பல நாள் நானும் கூடவே நடப்பேன். அவர் இடுப்பில் ஏழு வீட்டுச் சாவிகள் ஒரு வளையத்தில் கிடந்தன. நடக்கும்போது சத்தம் வராமலிருக்க அதன்மேல் ஒரு காலுறையைச் சுற்றியிருப்பார். எட்டாவது வீடு கூப்பிட்டும் போகவில்லை. "ஏழு வீடு என்னை நம்பிச் சாவி குடுத்திருக்கு பாப்பா. ஒரு வீட்டுல பேர் கெட்டா ஏழு வீட்டுலயும் கெட்டுப்போகும். எட்டுன்னா எட்டு வீட்டுல கெடும்" என்று சிரித்தார். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு முதல் இல்லை. சான்றிதழ் இல்லை, செயலியில் நட்சத்திரம் இல்லை. பொத்தான் வைத்த பழைய போன். அந்தக் குழுவில் அவர் கிடையாது.

நான் சுற்றிய ஊர்களைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "போன எடத்துல எல்லாம் யாரையாவது விட்டுட்டு வந்தியா பாப்பா, இல்ல வெறுமனே கிளம்பி வந்தியா?" இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். "விட்டுட்டு வந்தா திரும்பிப் பாப்ப" என்றார்.

அந்த வியாழக்கிழமை எனக்கு ஒரு பயண நிறுவனத்தில் நேர்காணல். ஏழே முக்கால் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பெல்ட்டம்மா வருவது ஏழரைக்கு. கையில் சாவி இருந்தாலும், ஆள் இருக்கும் வீட்டை அவர் தானாகத் திறக்கவும் மாட்டார், பூட்டவும் மாட்டார். உள்ளே வந்து, கதவைச் சாத்தி, தரையில் உட்கார்ந்து, மாட்டி, விரல் விட்டுப் பார்த்து, அவர் கிளம்பிப் போய், அதற்கப்புறம் நான் வீட்டைப் பூட்டிக் கிளம்பினால் பேருந்து போய்விடும். மாமா மாடியில் காதில் மாட்டிக்கொண்டு யாருக்கோ வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எப்போதோ போயிருந்தாள். ஒரு நாள்தானே என்று நானே பஞ்சுவுக்கு மார்புப் பட்டையை மாட்டினேன். முந்தின நாள் குளிப்பாட்டும்போது அதைத் தளர்த்தியவள் நான். சிவப்புத் தையலைப் பார்க்கவில்லை. இன்னொரு வாரையும் மாட்டவில்லை. கேட்டைப் பாதி திறந்து, அவனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

பெல்ட்டம்மா தெருமுனையில் திரும்பினார். எங்களைப் பார்த்ததும் அவர் நடை மாறியது. "உள்ள போ பாப்பா! உள்ள போ!" என்று கையை வீசினார். பஞ்சுவும் அவரைப் பார்த்துவிட்டான். ஒரு துள்ளு துள்ளினான். நான் வாரை என் பக்கம் இழுத்தேன். அவன் தலையைக் குனிந்து பின்னால் நெளிந்தான். சட்டையைக் கழற்றுவதுபோலப் பட்டை அவன் தலை வழியே வந்தது. அடுத்த நொடி என் கையில் வார் இருந்தது, நாய் இல்லை.

கேட்டைத் தாண்டியவன் அவரிடம்தான் போயிருப்பான். நான் அலறிக்கொண்டு ஓடிப் பிடிக்கப் பாய்ந்தேன். விளையாட்டு என்று நினைத்துவிட்டான். இன்னும் வேகமாக எதிர்த் திசையில் ஓடினான்.

"துரத்தாத! கூப்பிடாத!" என்று கத்திக்கொண்டே வந்தவர் என் கையிலிருந்த வாரைப் பிடுங்கிக்கொண்டார். இடுப்பிலிருந்த தன் வார்களை அவிழ்க்க நேரமில்லை; கொக்கிச் சத்தம் கேட்டால் அவன் நிற்பான் என்று அவருக்குத் தெரியும். நான் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அழத் தொடங்கியிருந்தேன்.

"பரிட்சைக்கு நேரமாச்சுல்ல, நீ போ. நான் பிடிச்சுக் கட்டிட்டுத்தான் மறுவேலை. போ!"

நான் போனேன்.

பேருந்தின் சன்னல் வழியே இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். நேர்காணலில் ஒரு கண்ணாடிக்காரர் கேட்டார்: "வாடிக்கையாளரோட பெட்டி உங்க கையில இருக்கறப்ப தொலைஞ்சு போச்சு. என்ன பண்ணுவீங்க?" முதலில் என் தவறை ஒப்புக்கொள்வேன் என்றேன். அழகான பதில் என்று பாராட்டினார். வேலை கிடைத்துவிட்டது.

வெளியே வந்தபோது மாமாவிடமிருந்து ஆறு அழைப்புகள். பெரிய சாலையில் ஒரு தண்ணீர் லாரி. பஞ்சுவை மழைக்கோட்டில் சுற்றி, தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கிறார் பெல்ட்டம்மா. நான் போனபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோட்டிலும் கழுத்திலும் ரத்தம்.

"உயிர் இருக்கு. முன்னங்கால்தான்" என்றார். அப்புறம், "வேலை கிடைச்சுதா பாப்பா?" என்றார். தலையாட்டினேன். "மாமா உள்ள இருக்காரு, போ. எனக்கு அடுத்த வீட்டு நாய் காத்துட்டிருக்கும்."

உள்ளே மாமா என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அது கருணையாகத் தெரிந்தது.

மதியத்துக்குள் எதிர்வீட்டு வக்கீல் தன் கேமராப் பதிவைக் குழுவில் போட்டுவிட்டார். பதினோரு நொடி. அதில் எங்கள் கேட் தெரியாது. தெரு மட்டும்தான் தெரியும். வெள்ளையாக ஒன்று குறுக்கே ஓடுகிறது. பின்னால் பெல்ட்டம்மா ஓடுகிறார். கையில் வெறும் வார்.

"பாருங்கள், கையில் வார் மட்டும்தான் இருக்கிறது" என்று எழுதினார் வக்கீல். "பாவம் அந்த வாயில்லாத ஜீவன்" என்றது ஒரு வீடு. "எங்கள் வீட்டுச் சாவியும் அந்த அம்மாவிடம்தான் இருக்கிறது" என்றது இன்னொரு வீடு. "நாயையே பிடிக்கத் தெரியாதவர் சாவியை எப்படிப் பத்திரமாக வைத்திருப்பார்?" என்று கேட்டார் மூலை வீட்டுக்காரர். அதற்கு ஒன்பது கட்டைவிரல்கள்.

சாயங்காலம் அக்கா வந்து, பஞ்சுவின் கட்டுப்போட்ட காலைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து அழுதாள். சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா..." என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லவேளைடி, நீ இன்டர்வியூக்குப் போயிட்ட. உன் கையிலேருந்து போயிருந்தா, சத்தியமா உன்னை இந்த வீட்டுல வச்சிருந்திருக்க மாட்டேன்."

வாயை மூடிக்கொண்டேன். வேறு போக்கிடம் இல்லை என்பது ஒரு காரணம். இத்தனை வருடத்தில் அவள் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை என்பது இன்னொன்று.

நாளைக்குச் சொல்லலாம் என்றே நான்கு நாள் போனது. அந்த நான்கு நாளில், மருந்துக்கடைக்காரர் உட்பட, ஏழு வீடுகளும் ஒவ்வொன்றாகச் சாவியைத் திரும்ப வாங்கின. எங்கள் சாவியை மாமா போனிலேயே கேட்டார். பெல்ட்டம்மா அதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தார், காலுறையில் சுற்றி.

ஐந்தாம் நாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். இருக்கை உறைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. கணவர் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார், என்னைப் பார்த்தார், திரும்பவும் மிதிக்கத் தொடங்கினார். பெல்ட்டம்மா கதவருகே வந்து நின்றார்.

"வாங்க மேடம்."

பத்து வாரம் பாப்பாவாக இருந்தவள் நான்.

"அம்மா, நான் இன்னும் வீட்டுல சொல்லல. சொல்லிடறேன். இன்னைக்கே சொல்லிடறேன். நீங்க ஏம்மா ஒரு வார்த்தை சொல்லாம..."

"யார் சொல்லலன்னது?" என்றார். குரல் உயரவில்லை. "ஆஸ்பத்திரியிலயே உங்க மாமாகிட்ட சொன்னேன். சின்னம்மாதான் நாயை வாசல்ல பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, பட்டை தளர்வா இருந்துச்சுன்னு ஒண்ணு விடாமச் சொன்னேன். நான் பாத்துக்கறேன், நீங்க போங்கன்னாரு. பாத்துக்கிட்டாரு."

மெஷின் சத்தம் நின்றிருந்தது.

"வீடியோவுல இவ கையில வார் இருக்குல்ல," என்றார் கணவர், மெஷினைப் பார்த்தபடியே. "அது எப்படி இவ கைக்கு வந்துச்சுன்னு உலகத்துல மூணே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி சொன்னா, ரெண்டு பேரு வாயத் தைச்சுக்கிட்டாங்க. நான்கூட இவ்வளவு நெருக்கமாத் தைக்கமாட்டேன்."

"விடுங்க" என்றார் பெல்ட்டம்மா கணவரிடம். என்னிடம், "நீங்க கிளம்புங்க மேடம், வேலைக்கு நேரமாகும்" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மாடி ஏறி, மாமாவின் காதிலிருந்ததை நானே பிடுங்கினேன். "உங்களுக்குத் தெரியுமா மாமா?"

அவருக்கு எது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. "மெதுவாப் பேசு. உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா நீ இந்த வீட்டுல இருக்க முடியுமா? உனக்காகத்தான் பேசாம இருந்தேன்."

"அவங்களுக்கு ஏழு வீடு போச்சு மாமா."

"அவங்களுக்கு வேற வீடு கிடைக்கும். உனக்குக் கிடைக்குமா?"

அக்கா வந்ததும் சொன்னேன். முழுதும் கேட்டாள். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டாள். "அஞ்சு" என்றேன். எழுந்து பஞ்சுவின் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள். வெளியே போ என்று அவள் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்றே குழுவில் எழுதினேன். வாசலில் பிடித்திருந்தது நான், பட்டையைத் தளர்த்தியது நான், வார் அவர் கைக்கு வந்தது நாய் ஓடிய பிறகுதான், அந்த அம்மாளிடம் ஒரு தவறும் இல்லை, எல்லா வீடும் அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். நான்கு முறை திருத்தி எழுதினேன். மூன்று கட்டைவிரல்கள் வந்தன. ஒரு கும்பிடும் கை. "நேர்மைக்குப் பாராட்டுகள் சகோதரி" என்றார் வக்கீல். பதினோரு நொடிப் பதிவை நீக்கவில்லை. அடுத்த செய்தி, மூன்றாவது குறுக்குத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று. அதற்கு இருபத்தாறு பதில்கள்.

மற்ற ஆறு வீட்டுக்கும் நேரில் போனேன். இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. மூன்று வீட்டில் செயலியில் ஆள் பிடித்தாயிற்று, வரைபடமெல்லாம் அனுப்புகிறான் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் உண்மையைச் சொன்னார்: "தப்பு அவங்க மேல இல்லன்னு எனக்கு அன்னைக்கே தோணுச்சும்மா. ஆனா சாவியைத் திருப்பி வாங்கினப்புறம் மறுபடி குடுக்கறது, அது ஒரு மாதிரி இருக்குமில்ல?"

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மாடி அறையைக் காலி செய்துவிட்டேன். இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அறை. பயண நிறுவனத்தில் பிறரை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அக்கா என்னோடு தேவைக்குப் பேசுகிறாள். உள்ளே போய், கதவைச் சாத்தி, தரையில் உட்கார்ந்து, கொக்கி சிவப்புத் தையலைத் தொடும்வரை இறுக்கி, இரண்டு விரல் விட்டுப் பார்த்து, இரண்டு வாரையும் மாட்டுகிறேன். பஞ்சு ஒரு முன்னங்காலை ஊன்றமாட்டான். இப்போது அவன் இழுப்பதே இல்லை.

போன வாரம் பெரிய சாலைக்குத் திரும்பும் இடத்தில் பஞ்சு சட்டென்று நின்றான். காதைத் தூக்கினான். எதிரே பெல்ட்டம்மா வந்துகொண்டிருந்தார். பொருள் சேமிப்புக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே கொடுக்கும் நீலச் சட்டை போட்டிருந்தார். மழைக்கோட்டு இல்லை, இடுப்பில் பட்டை இல்லை. பஞ்சு மூன்று காலால் அவரை நோக்கித் தாவினான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக என் தோள் இழுபட்டது. ஊளையிடுவதுபோல ஒரு சத்தம் போட்டான்.

அவர் நின்றார். நாயின் நெஞ்சைப் பார்த்தார். கொக்கியைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். பிறகு இரண்டு வாரையும் பார்த்தார்.

"அம்மா" என்றேன்.

இடதும் வலதும் பார்த்தார். ஒரு சைக்கிள் போகக் காத்திருந்தார். பிறகு சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.